வெர்சாய் முற்றத்தில் ஓபரா (1676 அச்சோவியம்)

வெர்சாய் அரண்மனையின் பளிங்கு முற்றத்தில் 1674ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று இரவு 'அல்செஸ்ட்' என்னும் ஓபரா நடைபெற்றதைக் காட்டும் செப்புத்தகட்டு அச்சோவியம், பிரான்சில் 17ஆம் நூற்றாண்டில் உருவான புகழ்பெற்ற அச்சுப் படங்களுள் ஒன்றாகும். இதைச் செய்தவர் பாரிசைச் சேர்ந்த செதுக்கோவியர் ழான் லெ போத்ர் (1618–1682). படம் நிகழ்ச்சிக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1676இல் வெளிவந்தது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி தம் அரசவையோடு அமர்ந்து ஓபரா பார்ப்பதே இதன் பொருள்.

இசை வரலாறு, அரங்க வரலாறு, வெர்சாய் அரண்மனை பற்றிய நூல்கள் பலவற்றில் இப்படம் இடம்பெறுகிறது. 'அக்காலத்தில் ஓபரா இப்படித்தான் நடந்தது' என்பதற்கான சான்றாகவே பெரும்பாலும் இதைக் காட்டுவர். ஆனால் இது நிகழ்ச்சியைப் பார்த்தவர் ஒருவர் தாமாக வரைந்து வைத்த குறிப்பன்று. அரசு பணம் கொடுத்து, அரசு அச்சகத்தின் நூலுக்காகச் செய்வித்த படம். மேடையில் நடப்பதைக் காட்டுவதைவிட, அதைப் பார்க்கும் மன்னரைக் காட்டுவதே இதன் வேலை. இதை மனத்தில் கொண்டு பார்த்தால்தான் படம் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பது புலப்படும்.

படத்தில் காணப்படுபவை

இரவு நேரம். மூன்று பக்கமும் அரண்மனைக் கட்டடம் சூழ்ந்த ஒரு முற்றம். திரையோ, வண்ணம் தீட்டிய காட்சித் தட்டிகளோ இல்லை. அரண்மனையின் முகப்பே மேடையின் பின்னணி. சன்னல்தோறும் விளக்குகள் எரிகின்றன. மேல்மாடம் முதல் தரை வரை எண்ணற்ற விளக்குகளால் ஒளியூட்டப்பட்ட முற்றம் என்று படத்தின் கீழுள்ள பிரெஞ்சுத் தலைப்பே பெருமையோடு கூறுகிறது. தொட்டிகளில் வளர்த்த ஆரஞ்சு மரங்கள் வரிசையாக நிறுத்தப்பட்டுள்ளன. குளிர் தாங்காத இம்மரங்களைக் குளிர்காலத்தில் உள்ளே வைத்துக் காத்துக் கோடையில் வெளியே எடுப்பது அங்குள்ள வழக்கம். அவற்றை வைத்திருப்பதே செல்வச் செழிப்பின் அடையாளமாகக் கருதப்பட்டது. மேடையின் இரு பக்கங்களிலும் இசைக் குழுவினர் உள்ளனர். நடுவில் பாடகர்கள். அவர்கள் உருவில் மிகச் சிறியவர்கள்.

கட்டடத்துக்கு முன்னே கூட்டம் திரண்டிருக்கிறது. பெரும்பாலோரின் முதுகும் தலைமுடியும்தான் தெரிகின்றன. இவர்களுக்கு நடுவே, படத்தின் மைய அச்சில், மன்னரின் இருக்கை உள்ளது. இப்படத்தைப் பார்க்கும் புதியவர்கள் முதலில் மன்னரைத் தேடுவர். மணிமுடியைத் தேடினால் கிடைக்காது. முகத்தைத் தேடினாலும் கிடைக்காது. அவரும் மேடையை நோக்கியே அமர்ந்திருக்கிறார்; நமக்குத் தெரிவது அவருடைய முதுகு. ஆயினும் அவர் யார் என்பதில் ஐயம் எழுவதில்லை. அவரைச் சுற்றி விடப்பட்டுள்ள வெற்றிடமே அவரை அடையாளம் காட்டுகிறது. நெருக்கியடித்து மக்கள் அமர்ந்துள்ள ஓரிடத்தில், யாரும் நெருங்காத இடம் ஒருவருக்கு மட்டுமே உரியது.

பளிங்கு முற்றத்தின் நடுவில் அக்காலத்தில் ஒரு நீரூற்று இருந்தது. விழும் நீரின் இரைச்சல் பாட்டைக் கெடுத்துவிடாதபடி, அதைச் சுற்றிப் பூச்சாடிகளை வைத்து, நீர் ஓசையின்றி அவற்றின் மேல் விழுமாறு செய்தார்கள் என்று நிகழ்ச்சியை விவரித்து எழுதிய அந்திரே ஃபெலிபியன் குறிப்பிடுகிறார். நீரூற்றை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். வெர்சாயில் நீர் ஓடுவதே ஒரு காட்சி. மேட்டு நிலமான அங்கே நீரைக் கொண்டுவரப் பட்ட பாடு பெரிது. அதை நிறுத்திவிட்டால் பெருமை குறையும். நீரும் ஓட வேண்டும், பாட்டும் கேட்க வேண்டும் என்பதற்குச் செய்த ஏற்பாடு அது.

மன்னர் அமர்ந்த இடம்

ஓபரா என்பது வசனமும் பாட்டாகவே அமைந்த இசைநாடகம். இத்தாலியில் 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசவைகளில் தோன்றி, 1637இல் வெனிசு நகரில் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கக்கூடிய அரங்குக்கு வந்தது. அரசவையில் பிறந்த கலை என்பதால், அரசர் எங்கே அமர்வது என்ற கேள்வி தொடக்கத்திலிருந்தே அதனுடன் ஒட்டிக்கொண்டது. மேடைக் காட்சிகள் தொலைநோக்கு முறையில், அதாவது தூரம் செல்லச் செல்லக் கோடுகள் ஒன்றையொன்று நெருங்குமாறு, அமைக்கப்பட்டன. இந்த மாயம் அரங்கின் எல்லா இருக்கைகளிலிருந்தும் ஒரேபோல் தெரியாது. நடுக்கோட்டில், சரியான தொலைவில் அமர்பவருக்கே காட்சி பிசகின்றித் தெரியும். அந்த இடம் இயல்பாகவே அரசருக்குப் போயிற்று.

வெர்சாய் முற்றத்தில் தட்டிகள் இல்லாதபோதும் இதே ஏற்பாடுதான். மேடையின் நடுவும் மன்னரின் இருக்கையும் ஒரே நேர்கோட்டில் உள்ளன. பக்கங்களில் இருப்போருக்கு மேடை சாய்வாகவே தெரியும். ஆனால் அவர்கள் தலையைச் சற்றுத் திருப்பினால் மன்னரை நன்றாகப் பார்க்கலாம். பாட்டில் எந்த இடத்தில் அவர் முகம் மலர்ந்தது, எந்த இடத்தில் அருகிலிருந்தவரிடம் பேசினார் என்பதைக் கவனிப்பது அரசவையினருக்குப் பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு. பதவியும் ஓய்வூதியமும் அந்த முகத்தைப் பொறுத்தே இருந்தன.

இருக்கைகளிலும் படிநிலை உண்டு. கையும் முதுகுச் சாய்வும் உள்ள நாற்காலி மன்னருக்கும் அரசிக்கும் உரியது. டியூக் பட்டம் பெற்றவர்களின் மனைவியருக்கு முதுகுச் சாய்வில்லாத முக்காலி. அதற்கும் கீழே உள்ளவர்கள் அரசர் முன்னிலையில் நிற்கவே வேண்டும். நாடகம் பார்க்கும்போது மட்டும் இவ்விதி சற்றுத் தளர்ந்தது. ஒரு முக்காலியின் பொருட்டுக் குடும்பங்களுக்குள் ஆண்டுக்கணக்கில் பூசல்கள் நடந்த அரசவை அது.

லூயி எப்போதும் பார்வையாளராக இருந்தவர் அல்லர். இளமையில் அவரே மேடையேறி ஆடியவர். 1653இல், பதினான்கு வயதில், 'இரவு பாலே' என்ற நீண்ட நடன நிகழ்ச்சியின் முடிவில் உதிக்கும் சூரியனாக வேடமிட்டு ஆடினார். 'சூரிய மன்னர்' என்று பின்னாளில் வழங்கிய பெயருக்கு அந்த வேடமும் ஒரு காரணம். 1670ஐ ஒட்டி மேடையில் ஆடுவதை நிறுத்திக்கொண்டார். அல்செஸ்ட் நடந்தபோது அவருக்கு வயது 35. மேடையிலிருந்து இறங்கி நாற்காலிக்கு வந்தாரே தவிர, காட்சியின் நடுவிலிருந்து அவர் விலகவில்லை. லெ போத்ரின் படம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது: பாடகர்கள் தொலைவில் சிறு உருவங்கள், மன்னர் இருப்பதோ நடுவில்.

விழாவும் ஓபராவும்

இந்த ஓபரா தனி நிகழ்ச்சி அன்று. 1674 மே, ஜூன் மாதங்களில் பிரெஞ்சுப் படைகள் ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த ஃபிரான்ஷ்-கொம்தே மாநிலத்தைக் கைப்பற்றின. பெசான்சோன், டோல் ஆகிய நகரங்கள் முற்றுகையில் வீழ்ந்தன. கோட்டை முற்றுகையில் வல்லவரான வோபான் பணிகளை நடத்த, மன்னர் நேரில் இருந்தார். 1668இலும் இதே மாநிலத்தைப் பிடித்து, உடன்படிக்கையின்படி திருப்பிக் கொடுத்திருந்தார்கள். இம்முறை திருப்பித் தரும் எண்ணமில்லை. வெற்றியுடன் திரும்பிய மன்னர் ஜூலை 4 தொடங்கி ஆகஸ்டு 31 முடிய, இடைவெளி விட்டு ஆறு நாள் வெர்சாயில் விழா நடத்தினார். முதல் நாள் மாலையில் தோட்டத்துச் சோலையொன்றில் சிற்றுண்டி. பின்னர் பளிங்கு முற்றத்தில் அல்செஸ்ட்.

ஓபராவுக்கு இசையமைத்தவர் ழான்-பத்தீஸ்து லுல்லி. இத்தாலியின் ஃபுளோரன்சு நகரில் 1632இல் பிறந்து, பிரான்சில் குடியேறி, 1661இல் பிரெஞ்சுக் குடிமகனானவர். பாடல்களை எழுதியவர் ஃபிலிப் கினோ. இருவரும் சேர்ந்து 1673இல் 'இசைத் துன்பியல்' என்ற புதிய நாடக வகையைத் தொடங்கினார்கள்; அல்செஸ்ட் அதில் இரண்டாவது. கதை கிரேக்கத்திலிருந்து வந்தது. தெசாலி நாட்டு மன்னன் அட்மீட் சாகக் கிடக்கிறான். அவனுக்குப் பதிலாக வேறொருவர் உயிர் கொடுத்தால் அவன் பிழைப்பான் என்பது தெய்வ வாக்கு. முதியவர்கள் உட்பட யாரும் முன்வரவில்லை. அவன் மனைவியாகவிருக்கும் அல்செஸ்ட் தன் உயிரைக் கொடுக்கிறாள். அவளைத் தானும் விரும்பிய மாவீரன் அல்சீட் (எர்குலிசுக்கு மற்றொரு பெயர்) கீழுலகம் சென்று அவளை மீட்கிறான். மீட்டால் அவள் தனக்கே என்பது பேச்சு. ஆனால் அவ்விருவரின் அன்பைக் கண்டு, அவளை அட்மீட்டிடமே விட்டுக்கொடுக்கிறான். தன்னையே வென்ற வீரன் என்று எல்லோரும் அவனைப் புகழ்கிறார்கள்.

அப்புகழ் யாருக்கானது என்பதை அங்கிருந்த எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஓபராவின் முன்னுரைக் காட்சியில், போருக்குச் சென்ற வீரன் எப்போது திரும்புவான் என்று செய்ன் ஆற்றின் தேவதை ஏங்குகிறாள். பெயர் சொல்லப்படவில்லை. வீரனோ எதிரே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். பாரிசில் 1674 ஜனவரியில் இதே முன்னுரை பாடப்பட்டபோது அது வாழ்த்து. ஜூலையில், மெய்யாகவே ஒரு மாநிலத்தை வென்று வந்தவர் முன்னிலையில் பாடப்பட்டபோது அது செய்தி.

பாரிசில் அல்செஸ்டுக்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. அதற்கு இசை மட்டும் காரணமன்று. 1672இல் ஓபரா நடத்தும் தனியுரிமையை லுல்லி பெற்றிருந்தார். அதற்கு முன் அந்த உரிமையை வைத்திருந்த கவிஞர் பெரென் கடனுக்காகச் சிறையில் கிடந்து, அதை விற்க நேர்ந்தது. 1673 பிப்ரவரியில் நாடக ஆசிரியர் மோலியேர் இறந்ததும், அவருடைய குழு ஆடிவந்த பலே-ரொயால் அரங்கும் லுல்லிக்குக் கொடுக்கப்பட்டது. அக்குழுவினர் வேறிடம் தேட வேண்டியதாயிற்று. மற்ற நாடகக் குழுக்கள் இரண்டு பாடகர்களுக்கும் ஆறு வயலின்களுக்கும் மேல் பயன்படுத்தக் கூடாது என்ற ஆணையும் வந்தது. எனவே அல்செஸ்டைத் தூற்றியவர்களில் வயிற்றெரிச்சலுக்குக் காரணமுடையவர்கள் நிறைய இருந்தனர். சார்லஸ் பெரோ (சிண்டரெல்லா கதையைப் பின்னாளில் எழுதியவர் இவரே) இந்த ஓபராவை ஆதரித்து எழுதினார். பழைய கிரேக்க நாடகத்தைவிடக் கினோவின் ஆக்கம் மேல் என்ற அளவுக்குப் போனார். நாடக ஆசிரியர் ராசீன் தம் 'இஃபிஜெனி' நாடகத்தின் முன்னுரையில், கிரேக்க மூலத்தைச் சரியாகப் படிக்காமல் பேசுகிறார்கள் என்று அதற்குப் பதிலடி கொடுத்தார். அந்த 'இஃபிஜெனி' முதன்முதலில் ஆடப்பட்டதும் இதே 1674 விழாவில்தான், ஐந்தாம் நாளில். பகைவர் இருவரின் படைப்புகளையும் ஒரே விழாவில் பார்த்து மகிழ்ந்தது அரசவை.

மன்னர் எப்பக்கம் என்பதில் மட்டும் ஐயமில்லை. ஒத்திகைகளைக் கேட்ட மன்னர், ஓபரா நடக்கும்போது தாம் பாரிசில் இருந்தால் நாள்தோறும் போவேன் என்று சொன்னதாக, செவிஞே சீமாட்டி 1673 இறுதியில் எழுதிய கடிதமொன்றில் காணப்படுகிறது. வெற்றி விழாவின் முதல் நாளுக்கு அல்செஸ்டைத் தேர்ந்தெடுத்ததும், அதை அச்சில் பொறித்ததும் பாரிசின் எதிர்ப்பாளர்களுக்குச் சொல்லப்பட்ட மறுமொழியாகவும் அமைந்தன எனலாம்.

படம் உருவான முறை

இன்று ஒரு நிகழ்ச்சியின் படம் அதே நொடியில் கிடைத்துவிடுகிறது. லெ போத்ருக்கு ஒவ்வொரு விளக்கையும் கோடுகளால் உண்டாக்க வேண்டியிருந்தது. மெருகேற்றிய செப்புத் தகட்டின் மேல் அமிலத்தைத் தாங்கும் மெழுகுப் பூச்சு இடப்படும். அதன்மேல் ஊசியால் வரைந்தால், வரைந்த இடத்தில் பூச்சு நீங்கிச் செம்பு வெளிப்படும். பின்னர் அமிலத்தை ஊற்றினால் அக்கோடுகள் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். கூர்மையும் அழுத்தமும் வேண்டிய இடங்களில் சிற்றுளியால் நேரடியாகச் செதுக்குவர். தகடு முழுவதும் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரமாக்கிய தாளை அதன்மேல் வைத்து, இரு உருளைகளுக்கிடையே அழுத்தி இழுத்தால் படம் தாளில் இடம்-வலம் மாறிப் பதியும். பளிங்கு முற்றம் இருபுறமும் ஒத்த அமைப்புடையது என்பதால் இந்த மாற்றம் இங்கே அவ்வளவாகத் தொல்லை தரவில்லை.

இம்முறையில் இரவை வரைவது எளிதன்று. வெள்ளை மை கிடையாது; ஒளி என்பது கோடு போடாமல் விட்ட தாள்தான். வானத்தையும் நிழலையும் நெருக்கமான கோடுகளால் கருமையாக்கி, விளக்குச் சுடர்களைச் சுற்றி மட்டும் தாளை வெறுமையாக விட வேண்டும். அணிவேலைப்பாட்டு வடிவங்களில் பெயர் பெற்ற லெ போத்ர் தம் வாழ்நாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகளைச் செய்தவர். அந்த வேகம் சில படங்களில் அவசரமாகத் தெரியும். இப்படத்தில் அப்படியில்லை. 1677இல் அவர் அரச ஓவியச் சிற்பக் கழகத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

தகடு செய்யப்பட்டது ஃபெலிபியனின் விழா வருணனை நூலுக்காக. அந்நூல் முதலில் 1674இலேயே படங்களின்றி வந்தது. 1676இல் அரசு அச்சகம் அதைப் பெரிய அளவில், படங்களுடன் வெளியிட்டது. படங்களில் பெரும்பாலானவை லெ போத்ர் செய்தவை. இதற்குப் பின்னால் இருந்தவர் நிதி அமைச்சர் கோல்பேர். அரண்மனைகள், விழாக்கள், போர் வெற்றிகள், ஓவியச் சேகரிப்புகள், செடிகொடிகள் என மன்னருக்குரிய எல்லாவற்றையும் செப்புத் தகடுகளில் பதிந்து 'மன்னரின் சேகரம்' என்ற பெயரில் தொகுக்கும் திட்டத்தை அவர் நடத்திவந்தார். தொகுதிகள் அயல்நாட்டு மன்னர்களுக்கும் தூதர்களுக்கும் பரிசாக அளிக்கப்பட்டன. பின்னர் விற்பனைக்கும் வந்தன. முற்றத்தில் இருந்தவர்கள் ஓர் இரவு பார்த்தார்கள். வியன்னாவிலோ லண்டனிலோ இருந்தவர்கள் அச்சுத் தாளில் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு வகையில், விழா அச்சுக்காகவே நடந்தது என்றுகூடச் சொல்லத் தோன்றும்.

படத்தில் இல்லாதவை

படம் நிகழ்ச்சியை நிறுத்திவைக்கிறது. அதனைச் சுற்றி நடந்தவற்றை நாம்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விழா நடந்த அதே கோடையில் படைத்தலைவர் துரெனின் வீரர்கள் ஜெர்மனியின் பலாட்டினேட் பகுதியில் ஊர்களைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டு 11 அன்று, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள செனெஃப் என்னுமிடத்தில் கோந்தே இளவரசரின் படை டச்சு, ஸ்பானிய, ஆஸ்திரியக் கூட்டுப்படையோடு மோதியது. இரு தரப்பிலும் பல்லாயிரவர் மாண்டும் காயமுற்றும் விழுந்தனர். தெளிவான வெற்றி யாருக்கும் இல்லை. அங்கே கைப்பற்றிய கொடிகள் ஒரு வாரத்துக்குள் வெர்சாய்க்குக் கொண்டுவரப்பட்டன. ஆகஸ்டு 18 அன்று விழாவின் ஐந்தாம் நாள் நாடகமும் வாணவேடிக்கையுமாகக் கழிந்தது.

போருக்குப் பணம் வேண்டியிருந்தது. 1674இல் புகையிலை விற்பனை அரசின் தனியுரிமையாக்கப்பட்டது. பத்திரங்களுக்கு முத்திரைத்தாள் கட்டாயமாயிற்று. ஈயப் பாத்திரங்களுக்கும் வரி வந்தது. சமையலறைப் பாத்திரம் வரை வந்த வரி பொறுக்காமல் 1675இல் போர்தோ நகரிலும் பிரிட்டனி மாநிலத்திலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பிரிட்டனியில் உழவர்கள் பிரபுக்களின் மாளிகைகளைத் தாக்கினர். படை அனுப்பப்பட்டது, பலர் தூக்கிலிடப்பட்டனர். ரென் நகரின் நீதிமன்றம் வேறூருக்கு மாற்றப்பட்டு 1690 வரை திரும்பவில்லை. அல்செஸ்ட் முற்றத்தில் ஒலித்ததற்கும் அதன் படம் அச்சில் வந்ததற்கும் இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளின் வரலாறு இது. படத்தின் சன்னல்களில் எரியும் விளக்குகளை எண்ணும்போது இதையும் எண்ண வேண்டும்.

சிறு செய்திகளிலும் படத்தை அப்படியே நம்புவதற்கில்லை. விளக்குகள் எல்லாம் ஒரே உயரத்தில், அசையாமல் எரிகின்றன. திறந்த வெளியில் காற்று வீசும், மெழுகு உருகி வழியும், பூச்சிகள் மொய்க்கும். பார்வையாளரின் வரிசைகள் ஒழுங்காக உள்ளன. அரசவைக் கூட்டங்களில் நெரிசல் சாதாரணம் என்பதை அக்காலத்தவர் எழுதியவற்றிலிருந்து அறிகிறோம். மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள், ஆரஞ்சுத் தொட்டிகளைச் சுமந்து வந்தவர்கள், நீரூற்றைக் கவனித்தவர்கள் என வேலை செய்தவர்கள் பெரிதாகக் காட்டப்படவில்லை. முற்றத்தின் ஓசையைப் படத்தால் காட்ட முடியாது. கூரையற்ற முற்றத்தில் பாடகரின் குரல் கடைசி வரிசைக்கு எந்த அளவு எட்டியது என்பதைப் படம் சொல்லாது.

சான்றாகப் பயன்படும் இடம்

இவ்வளவு சொன்னாலும், இப்படம் வெறும் முகத்துதி என்று தள்ளிவிட முடியாது. கட்டடம் பற்றிய செய்திகளில் இது பெரிதும் உதவுகிறது. பதின்மூன்றாம் லூயி கட்டிய வேட்டை மாளிகையின் முற்றம்தான் பளிங்கு முற்றம். பின்னாளில் கட்டடக் கலைஞர் மான்சார் அதன் முகப்பைப் பலவாறு மாற்றினார். நீரூற்றும் இன்று இல்லை. மாற்றங்களுக்கு முந்தைய தோற்றத்தை அறிய லெ போத்ரின் தகடு துணைசெய்கிறது. இதே விழாவின் மூன்றாம் நாளில் மோலியேரின் 'கற்பனை நோயாளி' நாடகம் தெத்திஸ் குகை என்ற செயற்கைக் குகையின் முன் நடந்தது. அதையும் லெ போத்ர் பொறித்துள்ளார். அரண்மனையின் வடக்குச் சிறகைக் கட்டுவதற்காக அக்குகை 1684இல் இடிக்கப்பட்டது. அது இருந்த நிலையைக் காட்டும் சிலவற்றுள் அப்படமும் ஒன்று.

வெர்சாயில் அப்போது ஓபராவுக்கென்று நிலையான அரங்கு கிடையாது என்பதையும் படம் நினைவூட்டுகிறது. அதனால்தான் முற்றமும் தோட்டமும் குதிரைலாயமும் மாறி மாறி அரங்குகளாயின. 1745இல் இளவரசரின் திருமண விழாவின்போது லாயத்தின் குதிரைப் பயிற்சிக் கூடமே அரங்காக்கப்பட்டது. அந்த நிகழ்ச்சியைக் கொஷான் என்ற கலைஞர் படமாக்கினார். நிலையான ஓபரா அரங்கு திறக்கப்பட்டது 1770 மே 16 அன்று, பின்னாளில் பதினாறாம் லூயியாக முடிசூடிய இளவரசருக்கும் மரி அந்துவானெத்துக்கும் திருமணம் நடந்தபோது. திறப்பு விழாவுக்கு எடுத்துக்கொண்ட ஓபராவும் லுல்லியும் கினோவும் ஆக்கிய 'பெர்சே'தான். ஏறத்தாழ நூறாண்டு பழைய ஓபரா அது. அதற்குள் இசைச் சுவை மாறிவிட்டிருந்தது.

பளிங்கு முற்றம் மீண்டும் ஒருமுறை கூட்டத்தால் நிறைந்தது 1789 அக்டோபர் 6 காலையில். ரொட்டி கேட்டுப் பாரிசிலிருந்து நடந்து வந்தவர்கள் முதல் நாளிரவே அரண்மனையைச் சூழ்ந்திருந்தனர். முற்றத்தில் நின்ற அக்கூட்டத்தின் முன், மேல்மாடத்தில், மன்னரும் அரசியும் தோன்ற வேண்டியதாயிற்று. அன்று பிற்பகலே அரச குடும்பம் பாரிசுக்குப் புறப்பட்டது. பிறகு வெர்சாய்க்குத் திரும்பவில்லை. அந்தக் காட்சியும் பின்னர் அச்சோவியங்களாக வெளிவந்தது. அவற்றைச் செய்வித்தது மன்னரின் அச்சகம் அன்று.

'மன்னரின் சேகர'த்தின் செப்புத் தகடுகள் புரட்சிக்குத் தப்பின. 1797இல் லூவர் அருங்காட்சியகத்தில் தொடங்கப்பட்ட செப்புத்தகட்டுச் சேகரிப்பின் அடிப்படையாக அவை அமைந்தன. பழைய தகடுகளிலிருந்து புதிய படிகள் எடுக்கும் பணி அங்கே தொடர்கிறது. 1676இல் எடுத்த படிகள் பிரான்சு தேசிய நூலகத்திலும் வெர்சாய் அருங்காட்சியகத்திலும் உள்ளன. முதற்படிகளில் கோடுகள் கூர்மையாகவும் நிழல்கள் ஆழமாகவும் இருக்கும். அடிக்கடி அழுத்தப்படும் தகடு தேயும். அப்போது முதலில் மங்குவது நுண்ணிய கோடுகளால் ஆன தொலைவுப் பகுதியே. ஆகவே இப்படத்தின் படி ஒன்றைக் காண நேர்ந்தால், மேடையின் நடுவிலுள்ள பாடகர்களின் உருவங்களை உற்றுப் பார்ப்பது நல்லது. அவை தெளிவாக இருந்தால் அது பழைய படியாக இருக்க வாய்ப்பு அதிகம்.